ஆளில்லாத செங்குதிரை: வாசகர் கேள்வி – பதில்

இத்தாலியில் நடந்த 2026 குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கு ஹைட்டி அணிக்காகத் தைக்கப்பட்ட ஆடையைப் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரி எழுதியிருந்தேன். வழக்கமாக அரசியலையும் சினிமாவையும் கேட்கும் வாசகர்கள் இந்த முறை அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும், கடல் கடந்து வாழும் ஹைட்டி மக்களுக்கும் அவர்களுடைய உடுப்புக்கும் உள்ள உறவுக்கே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அந்த ஆடையில் ஒரு சிவப்புக் குதிரை மட்டும் இருந்தது, அதன்மேல் அமர்ந்திருந்தவரை அழித்துவிட்டார்கள் என்று எழுதினீர்கள். அவர் யார்? ஏன் அழித்தார்கள்?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: அவர் டூசான் லூவெர்ச்சூர். பிரான்சு நாட்டின் கரும்புத் தோட்டக் குடியேற்றமாக இருந்த சான்-தொமாங்கில், அதாவது இன்றைய ஹைட்டியில், 1791 ஆகஸ்டு மாதம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களைப் படையாகத் திரட்டிப் போரிட்ட தலைவர்களுள் முதன்மையானவர். தாமும் அடிமையாகப் பிறந்தவர். 1802-இல் அவரைப் பிடித்துக் கப்பலேற்றிய பிரெஞ்சுக்காரர்கள், ஜூரா மலைத்தொடரில் உள்ள ழூ கோட்டையில் அடைத்தார்கள். வெப்பத் தீவில் பிறந்த அந்த மனிதர் மலைக் குளிரில் 1803 ஏப்ரல் 7 அன்று உயிர்விட்டார். அதற்கு ஒன்பது மாதம் கழித்து, 1804 ஜனவரி 1 அன்று, ஹைட்டி விடுதலை பெற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அடிமைகளே போராடி நிறுவிய நாடு உலகில் வேறு இல்லை.

அவரைச் செங்குதிரை மீது அமர்த்தி வரைந்தவர் எத்வார் துவால்-கரியே. போர்த்-ஓ-பிரான்சில் பிறந்து மயாமியில் வாழும் ஓவியர். அந்த ஓவியத்தை ஒலிம்பிக் உடுப்பில் கொண்டுவந்தவர் ஸ்டெல்லா ஜான். 1979-இல் ரோம் நகரில், ஹைட்டியரான தாய்க்கும் இத்தாலியரான தந்தைக்கும் பிறந்த ஆடை வடிவமைப்பாளர். லூவெர்ச்சூரின் உருவம் அரசியல் சின்னம், ஒலிம்பிக் விதி அதை அனுமதிக்காது என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு சொல்லிவிட்டது. புதிதாகத் தைக்க நாள் போதாது. படம் கையால் தீட்டப்பட்டது என்பதால் அதன்மேலேயே வண்ணம் பூசி வீரரை மறைத்தார்கள். குதிரையும் அதைச் சுற்றியிருந்த வெப்பநாட்டுப் பசுமையும் எஞ்சின. நான் எழுதிய நான்கு வரியின் சாரம் இவ்வளவுதான்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த அணியில் இருந்த பனிச்சறுக்கு வீரர்கள் இருவருமே பிரான்சில் வளர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட்சன் வியானோ ஹைட்டியில் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே இத்தாலியத் தம்பதியால் தத்தெடுக்கப்பட்டு, பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வளர்ந்தவர். உடுத்தியவர்கள் பிரான்சில் வளர்ந்தவர்கள், வடிவமைத்தவர் ரோமில், வரைந்தவர் மயாமியில். ஹைட்டியின் பெயரைத் தாங்கிய அந்த மேலாடை ஏறக்குறைய முழுவதுமாகவே புலம்பெயர்ந்தோர் கையில் உருவானது. பிறந்த நாட்டின் கதையைப் பள்ளியில் படிக்க வாய்ப்பில்லாத ஒருவருக்கு அந்தக் கதையை முதுகில் எழுதிக் கொடுத்ததாகவே நான் அதைப் பார்க்கிறேன். ஸ்டெல்லா ஜான் இதை முதன்முறை செய்யவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவிலும், பிலிப் தொதார் என்ற ஹைட்டி ஓவியரின் ஓவியத்தைத் துணியில் பதித்து அந்த நாட்டு அணிக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்திருந்தார்.

கேள்வி: ஹைட்டி மக்களுக்கென்று பாரம்பரிய உடை உண்டா? நமக்குச் சேலையும் வேட்டியும் போல?
– வாசகி, மதுரை

பதில்: உண்டு. அதற்குக் கராபெலா என்று பெயர். தோள்பட்டைக்குக் கீழே இறங்கி நிற்கும் கழுத்தும், அந்தக் கழுத்தைச் சுற்றி அகன்ற சுருக்கு மடிப்பும் கொண்ட மேற்சட்டை; கணுக்கால்வரை விரியும் பாவாடை; பாவாடையின் கீழ்விளிம்பில் அடுக்கடுக்காகத் தைத்த வளைநெளி நாடாக்கள்; தலையில் அதே துணியில் அல்லது மாற்று நிறத்தில் ஒரு கட்டு. ஆடும்போது பெண்கள் பாவாடையின் இரு பக்கத்தையும் கையில் பிடித்துத் தோளுயரத்துக்குத் தூக்கி விரிப்பார்கள். பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் கூடங்களில் ஆடப்பட்ட நால்வர் இணை நடனத்தைப் பார்த்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டவர்களின் ஆட்டம் அது. பாவாடை நன்றாக விரிய வேண்டும் என்பதற்காகவே துணியைத் தாராளமாக வைத்துத் தைப்பார்கள்.

மேடையில் இன்று நாம் காணும் கராபெலாவில் வானவில்லின் எல்லா நிறமும் இருக்கின்றன. ஆனால் நாட்டுப்புறத்து உழவர் உடுப்பு என்றால் நீலப் பருத்திதான். முரட்டு நெசவு, வெயிலில் வெளுத்த நீலம். ஹைட்டியின் வோடூ சமயத்தில் உழவுக்குரிய தெய்வமான அசாக்காவின் உடுப்பும் அதுவே. நீலச் சட்டை, வைக்கோல் தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, தோளில் ஓலையால் பின்னிய பை. அவரைக் கடவுளே என்று அழைப்பதில்லை. "கூசேன்", அதாவது "ஒன்றுவிட்ட அண்ணன்" என்ற உரிமையோடு அழைப்பார்கள். நம் ஊர் எல்லைச் சாமியிடம் உரிமையோடு பேசுகிறவர்களுக்கு இந்த உறவு புரியும்.

இதற்கு ஒரு கசப்பான பின்கதை உண்டு. கராபெலாவைப் பற்றிய அழகான கட்டுரைகள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. 1957-இல் ஆட்சிக்கு வந்த பிரான்சுவா துவாலியே தமக்கென ஓர் அடியாள் படையை உருவாக்கினார். மக்கள் அதற்குத் தோந்தோன் மாக்கூட் என்று பெயரிட்டார்கள். அடம்பிடிக்கும் குழந்தைகளைப் பையில் போட்டுத் தூக்கிப்போகும் பூச்சாண்டி மாமாவின் பெயர் அது. அந்தப் படைக்குத் துவாலியே கொடுத்த சீருடை நீலத் துணியும் சிவப்புக் கழுத்துக்குட்டையும். அதாவது அசாக்காவின் உடுப்பு. அதோடு ஒரு கறுப்புக் கண்ணாடி. உழவனின் தெய்வம் உடுத்திய துணியை, உழவனை நடுங்கவைக்கும் படைக்கு உடுத்திவிட்டார். அவருடைய மகன் 1986 பிப்ரவரி 7 அன்று நாட்டைவிட்டு ஓடும்வரை அந்த நீலம் அச்சத்தின் நிறமாக இருந்தது. அந்த அச்சத்துக்குத் தப்பியே பலர் நியூயார்க்குக்கும் மொன்றியாலுக்கும் போனார்கள். இன்று புரூக்ளினில் பேத்தி ஆசையோடு வாங்கிய நீலக் கராபெலாவைக் கண்டு பாட்டி முகம் சுளித்தால், அது நாகரிகம் தெரியாததால் அல்ல. பேத்தி தேடுகிற நீலத்தையும் பாட்டி மறக்க நினைக்கிற நீலத்தையும் ஒரே துணி தாங்கி நிற்கிறது.

கேள்வி: கரீபியத் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கு "மதராஸ்" என்று பெயராமே? அது நம் சென்னையா?
– வாசகர், இராயபுரம்

பதில்: நம் சென்னையேதான். கோரமண்டல் கரையில் நெய்த கட்டம் போட்ட பருத்திக் கைக்குட்டைகளை 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கொண்டுபோய் விற்றன. புதுச்சேரியைக் கையில் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் வழியாகச் சான்-தொமாங்கிலும் அது புழங்கியது. நம் பழவேற்காட்டின் பெயர்கூட இந்த வணிகத்தில் ஒட்டிக்கொண்டு ஊர்சுற்றியிருக்கிறது. மெக்சிகோவில் இன்றைக்கும் கழுத்துக்குட்டைக்குப் "பலியகாத்தே" என்று பெயர்.

தலைக்கட்டு அங்கே வெறும் அலங்காரம் அல்ல. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் வெள்ளையரைப்போல உடுத்தக் கூடாது என்று சான்-தொமாங்கில் 1779-இல் ஆணை போட்டார்கள். 1786-இல் ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் எஸ்தெபான் மீரோ, அத்தகைய பெண்கள் தலைமுடியைத் துணியால் மூட வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தப் பெண்கள் மூடினார்கள். ஆனால் கிடைத்ததிலேயே பளிச்சென்ற துணியை எடுத்து, கோபுரம்போல உயர்த்திக் கட்டி, நகைகளையும் செருகிக்கொண்டார்கள். சிறுமைப்படுத்தப் போட்ட ஆணை அவர்களுக்கு ஒப்பனை ஆயிற்று. சான்-தொமாங்கிலிருந்து முன்பே தப்பிக் கியூபாவில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கானோர் 1809-இல் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தபோது, இரண்டு ஊர்த் தலைக்கட்டு வழக்கங்களும் ஒன்றோடொன்று கலந்தன.

இதை வைத்துக்கொண்டு ஹைட்டியின் பாரம்பரியமே நம்முடையதுதான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம் நெசவாளி தம் கூலிக்கு நெய்தார். அது எந்தத் தலையில் ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. கட்டம் இங்கிருந்து போனது, கட்டும் விதம் அவர்களுடையது.

கேள்வி: ஐம்பது அறுபது ஆண்டுக்கு முன் போனவர்கள்தாமே? அதற்குள் பாரம்பரியத்தோடு எப்படித் தொடர்பு அறும்? "மீண்டும் இணைப்பது" என்பதெல்லாம் மிகைதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தூரத்தால் மட்டும் தொடர்பு அறுவதில்லை, ஐயா, கூச்சத்தாலும் அறும். 1980-களின் தொடக்கத்தில் சிறு படகுகளில் ஹைட்டியர் புளோரிடா கரையில் வந்து இறங்கியபோது, அவர்களைக் கூட்டமாகத் தடுப்பு முகாம்களில் அடைத்தார்கள். 1983-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், அப்போது புதிதாகப் பரவிய எய்ட்ஸ் நோய்க்கு ஆளாகும் ஆபத்துள்ள பிரிவினராக ஹைட்டியரைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நாட்டில் பிறந்ததையே நோய்க்குறியாகச் சொன்ன அறிவிப்பு அது, பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் 1990-இல் ஹைட்டியர் எவரும் இரத்ததானம் செய்யக் கூடாது என்று இன்னோர் அறிவிப்பு வந்தது. அதை எதிர்த்து அந்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று புரூக்ளின் பாலத்தில் பல்லாயிரம் ஹைட்டியர் ஊர்வலம் போனார்கள். அத்தனை பேர் காலடியில் பாலமே அதிர்ந்தது என்று போனவர்கள் இன்றும் சொல்லுவார்கள். பின்னர் அந்தத் தடையும் விலக்கப்பட்டது.

இப்போது அந்த ஆண்டுகளில் மயாமியில் பள்ளிக்குப் போன ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஹைட்டியன் என்று தெரிந்தால் அடி விழும். வீட்டில் ஹைட்டி மக்களின் தாய்மொழியான கிரியோல் பேசுகிற பிள்ளை வாசலைத் தாண்டியதும் தான் ஜமைக்காக்காரன் என்றோ பகாமாக்காரன் என்றோ சொல்லும். தாய் தைத்துக் கொடுத்த, சுருக்கம் ஒன்றில்லாமல் தேய்த்த சட்டையைப் பள்ளிக் கழிப்பறையில் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, மற்றவர்களைப்போலத் தொளதொளச் சட்டையை மாட்டிக்கொள்ளும். மறைந்து வாழ்ந்த ஹைட்டியர் என்று அந்தத் தலைமுறையைப் பற்றி அவர்களே பேசிக்கொள்வதுண்டு. மறைப்பதற்கு அவர்களுக்கு உதவியது உடுப்பு. வெளியே வருவதற்கும் அதையே அவர்கள் எடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1997-இல் கிராமி விருது மேடையில் ராப் இசைக்கலைஞர் வைக்ளெஃப் ஜான் ஹைட்டிக் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றார். அதற்குப் பின் நீலமும் சிவப்பும் கலந்த குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு தெருவில் போவது இளைஞர்களுக்குப் பெருமையாயிற்று. வடிவமைப்பாளர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள். முதலில் வந்தது சந்தையில் சில்லறைக் காசுக்கு வாங்கிய கொடிக் கைக்குட்டை.

கேள்வி: ஹைட்டியிலும் பின்னலாடை ஏற்றுமதி உண்டு என்று எங்கள் தொழிலில் பேசிக்கொள்கிறோம். தைக்கத் தெரிந்த மக்கள் தங்கள் பாரம்பரிய உடையைத் தாங்களே தைத்து உலகம் முழுவதும் உள்ள தம்மவர்க்கு விற்கலாமே?
– பனியன் தொழிலாளி, திருப்பூர்

பதில்: கேட்க வேண்டியவர் கேட்டிருக்கிறீர்கள். ஹைட்டியின் ஏற்றுமதியில் மிகப்பெரும் பங்கு ஆயத்த ஆடைதான். 2006-லும், 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் அதே ஆண்டிலும், அமெரிக்கா கொண்டுவந்த இரண்டு சட்டங்கள் ஹைட்டியில் தைத்த ஆடைகளுக்குச் சுங்க விலக்கு அளித்தன. வடக்கே கராக்கோல் என்ற இடத்தில் 2012-இல் பெரிய தொழிற்பூங்கா திறந்தார்கள். தென்கொரிய நிறுவனம் ஒன்று அங்கே முதன்மையாக வந்து அமர்ந்தது. தைப்பது பெரும்பாலும் டி-சட்டை. துணி வெளியிலிருந்து வரும், அளவும் மாதிரியும் வெளியிலிருந்து வரும், தைத்ததும் கப்பலேறும். ஒரு பெண் நாள் முழுவதும் கைப்பகுதியை மட்டும் ஓட்டுவார். இன்னொருவர் கழுத்துப் பட்டியை மட்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கராபெலா அப்படி வரிசையில் உட்கார்ந்து பகுதி பகுதியாகத் தைக்கிற உடுப்பு அல்ல. தெருமுனைத் தையற்காரர் ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைக்கிற உடுப்பு.

அந்தத் தையற்காரரை ஒடித்தது வேறொன்று. 1960-களில் அமெரிக்க உதவியாகப் பழைய துணி மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கின. அப்போதைய அமெரிக்க அதிபரின் பெயரால் மக்கள் அவற்றுக்குக் "கென்னடி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் "பெப்பே" என்கிறார்கள். மயாமி ஆற்றங்கரையில் சிறு சரக்குப் படகுகளில் மெத்தை, மிதிவண்டி, வாளி ஆகியவற்றோடு மூட்டை மூட்டையாக ஏறுகிற பழந்துணி ஹைட்டியின் சந்தைகளில் குவிகிறது. அந்தக் குவியலோடு புதுத் துணி வாங்கித் தைத்துப் போட்டி போட எந்தத் தையற்காரராலும் முடியாது. அவர்களில் பலர் பெப்பேயைப் பிரித்து, சிறுத்து, உள்ளூர் உடம்புக்கு ஏற்பத் திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். பள்ளிச் சீருடைதான் அவர்களுக்கு இன்னும் மிஞ்சியிருக்கும் நிலையான வேலை. அங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிறம், பெண்குழந்தைகளின் தலை நாடாவரைக்கும் அந்த நிறம்.

இதிலுள்ள முரண் என்னை உறுத்துகிறது. புரூக்ளினில் இருக்கும் பிள்ளை மே மாதம் வரும் ஹைட்டிக் கொடிநாளுக்குக் கராபெலா தேடுகிறது. போர்த்-ஓ-பிரான்சில் இருக்கும் அதன் ஒன்றுவிட்ட சகோதரி, அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளியின் பெயர் பொறித்த பழைய சட்டையை உடுத்தி நடக்கிறாள். அந்த மூட்டையில் சில துணிகள் அந்தப் புரூக்ளின் வீட்டிலிருந்தே போனவையாகவும் இருக்கலாம்.

இதோடு 2021 ஜூலையில் அதிபர் ஜொவெனேல் மொயீஸ் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பின் ஆயுதக் கும்பல்களின் கை ஓங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி விரித்து இரும்புச் சிற்பம் வெட்டுவதில் பேர்பெற்ற க்ருவா-தே-பூக்கே ஊரிலிருந்து கைவினைஞர்கள் பட்டறையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். 2024 நவம்பரில் தலைநகரில் விமானங்கள் மீது குண்டு பாய்ந்ததும், அமெரிக்க விமானங்கள் அங்கே போவதையே அந்நாட்டு அரசு நிறுத்தியது. தைத்தாலும் பொருளை வெளியே அனுப்புவது அங்கே எளிதல்ல.

கேள்வி: மணியும் சமிக்கியும் கோத்துச் செய்த ஹைட்டிக் கொடிகளின் படத்தை ஓர் அருங்காட்சியக ஏட்டில் பார்த்து வியந்தேன். அவை ஆடையிலும் வருகின்றனவா?
– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

பதில்: வருகின்றன. ஆனால் அந்தக் கலை ஆடைத் தொழிற்சாலையிலிருந்து கொடிக்குப் போய், கொடியிலிருந்து மறுபடி ஆடைக்கு வந்த கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வோடூ வழிபாட்டில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு கொடி உண்டு, "திராப்போ" என்பார்கள். சடங்கின் தொடக்கத்தில் அதை ஏந்தி வந்து தெய்வத்தை வரவேற்பது வழக்கம். விளக்கொளியில் மின்ன வேண்டும் என்பதற்காகச் சமிக்கி தைப்பார்கள். மிர்லாந்த் கான்ஸ்தான் என்ற பெண்மணி இளமையில் தம் தாயோடு போர்த்-ஓ-பிரான்சின் ஒரு தொழிற்சாலையில், வெளிநாட்டு மணப்பெண்களின் வெள்ளை உடுப்புக்கு மணி கோத்துக்கொண்டிருந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டார். விட்டபோது கையோடு கொண்டுவந்தது தொழிலை. அதுவரை பெரும்பாலும் சமிக்கியால் நிறைந்திருந்த திராப்போவில், மணப்பெண் உடுப்பில் கற்ற மணிவேலையை இறக்கினார். கொடி தைப்பது ஆண்களின் துறையாக இருந்த காலத்தில் அவர் எடுத்த அடி அது. 2022-இல் வெனிசு நகரின் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் அவருடைய கொடிகள் தொங்கின.

ஆசிரியை என்பதால் வேலை நடக்கும் விதத்தையும் சொல்லுகிறேன். மரச் சட்டத்தில் துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டுகிறார்கள். கோட்டோவியம் துணியின் பின்பக்கத்தில் இருக்கும். தைப்பவர்கள் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, கொக்கி முனை ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் மற்றக் கை நீட்டிப் பிடித்திருக்கும் நூலை இழுத்து ஒரு கண்ணி போடுகிறார்கள்; ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு மணி துணியின் அடிப்பக்கத்தில் போய் உட்காருகிறது. நம் ஊரில் ஆரி வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊசி புதிதல்ல. ஆனால் ஆரியில் கண்ணுக்கு எதிரே மணி விழும்; இவர்களுக்கோ படத்தின் முகம் கீழே இருக்கிறது. குனிந்து அடியில் எட்டிப் பார்த்தால் ஒழிய, தாம் தைத்த கடல்தேவதைக்கு மூக்கு சரியாக வந்ததா என்பது தெரியாது. பெரிய கொடி ஒன்றுக்குப் பல மாதம், பல கை.

இந்த வேலைப்பாட்டைக் கைப்பையிலும் மேலாடையின் முதுகிலும் வைத்து விற்பது புலம்பெயர்ந்தோர் சந்தைகளில் பரவியிருக்கிறது. எல்லாரும் அதை வரவேற்கவில்லை. வோடூவை ஒழிக்க 1941, 42 ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபையும் அரசும் சேர்ந்து முரசுகளையும் வழிபாட்டுப் பொருள்களையும் எரித்த இயக்கம் ஒன்று நடந்தது. அரசு அதை ஒரு சமயமாக ஏற்று அங்கீகரித்தது 2003-இல்தான். புலம்பெயர்ந்த குடும்பங்களில் பல சீர்திருத்தக் கிறித்தவ சபைகளைச் சேர்ந்தவை. தன் மகள் தெய்வக்கொடியை முதுகில் சுமந்து வருவதை அத்தகைய வீட்டில் தாய் பொறுப்பாளா என்பது கேள்வி. மறுபக்கம், வழிபடுகிறவர்களுக்கும் வருத்தம் உண்டு; சடங்கில் ஏந்துவதற்குரியதை இருக்கையில் சாய்ந்து உட்காரும் முதுகில் வைக்கலாமா என்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், சடங்குக்கென்று தைத்ததை வெட்டி ஒட்டுவது தவறு. ஆடைக்கென்றே புதிதாகத் தைத்து, தைத்தவருக்கு உரிய கூலியும் பெயரும் கொடுத்தால் குற்றமில்லை. மணி கோத்த பை ஒன்றில் வடிவமைப்பாளரின் பெயர் மட்டும் பொறித்திருந்து, கோத்த கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால், அதைப் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: புகழ்பெற்ற ஹைட்டி வம்சாவளி வடிவமைப்பாளர்கள் யார் யார்?
– வாசகி, சேலம்

பதில்: பட்டியல் போடுவதில் எனக்கு ஆர்வம் குறைவு, இருவரைச் சொல்லுகிறேன். புரூக்ளினில் பிறந்த கெர்பி ஜான்-ரேமண்ட் 2013-இல் பையர் மாஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது தம் தாயின் பெயரையே திருப்பிப் போட்டு அதற்குச் சூட்டினார். 2021-இல் பாரிஸ் உயர்தையல் வாரத்தின் பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பின அமெரிக்க வடிவமைப்பாளர் அவர். போர்த்-ஓ-பிரான்சில் பிறந்து நியூயார்க்கின் குவீன்சில் வளர்ந்த விக்டர் க்ளெமோ, பின்னலாடையில் பெயர் பெற்றவர். இருவருமே கராபெலாவைத் தைத்து மேலே வந்தவர்கள் அல்லர். ஹைட்டியராக இருப்பவர் ஹைட்டி உடையையே தைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைக் கட்டளைதான்.

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகளை, அவளுடைய ஹைட்டித் தோழி மே 18 கொடிநாள் விழாவுக்கு அழைத்திருக்கிறாள், தன் வீட்டுக் கராபெலாவை உடுத்தி வரவும் சொல்லுகிறாள். உடுத்தலாமா? நம் பெண் உடுத்தினால் அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களோ?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: வீட்டார் எடுத்துக் கொடுத்து உடுத்தச் சொல்லும்போது மறுப்பதுதான் மரியாதைக் குறைவு, அம்மா. தாராளமாக உடுத்தட்டும். ஆனால் போவதற்கு முன் நாளின் கதையைத் தெரிந்துகொண்டு போகட்டும். 1803 மே 18 அன்று அர்க்கஹாய் என்ற ஊரில் விடுதலைப் படைத் தலைவர் ழான்-ழாக் தெஸாலின் பிரெஞ்சு மூவண்ணக் கொடியின் நடுவில் இருந்த வெள்ளையைக் கிழித்து எறிந்தார் என்றும், எஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கேத்தரின் ஃபிளோன் என்ற பெண் ஒன்றாகத் தைத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லுகிறார்கள். தங்கள் நாடு ஒரு தையலில் தொடங்கியது என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். அதனால்தான் அமெரிக்காவில் ஹைட்டிப் பாரம்பரிய மாதமாகக் கொண்டாடப்படும் மே மாதத்தில், அந்த ஒரு நாளுக்கு உடுப்பில் அவ்வளவு அக்கறை.

இரண்டு நடைமுறைச் செய்தி சொல்லிவிடுகிறேன். விழாவுக்கென்று கடையில் கொடிக் கைக்குட்டை வாங்குவதானால், நீலமும் சிவப்பும் உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கறுப்பும் சிவப்பும் கலந்த கொடியும் சில சமயம் கண்ணில் படும். அது தெஸாலின் காலத்திலேயே இருந்ததுதான். ஆனால் 1964 முதல் 1986 வரை துவாலியே ஆட்சியின் கொடியாக இருந்ததால், வயதில் மூத்தவர்களுக்கு அதைக் கண்டால் பழைய நினைவு வரும். இரண்டாவது, தலைக்கட்டு. வோடூ வழிபாடு உள்ள குடும்பமானால் தலைத்துணியின் நிறத்துக்கே ஒரு தெய்வம் இருக்கும். இளஞ்சிவப்பு ஒருவருக்கு, கறுப்பும் ஊதாவும் இன்னொருவருக்கு. அழகுக்கு ஏதோ ஒரு நிறத்தை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போகாமல், அந்த வீட்டில் கொடுக்கும் துணியையே கட்டட்டும். முடிச்சை நெற்றிக்கு மேலே வைப்பதா பிடரியில் வைப்பதா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்பதால், தோழியின் பாட்டி இருந்தால் அவர் கையாலேயே கட்டிவிடச் சொல்லிக் கேட்கட்டும். கட்டங்கள் போட்ட பருத்தித் துணியை அவர் எடுத்தால், அதற்கு அங்கே என்ன பெயர் என்று உங்கள் மகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.